மூளைப் பயிற்சிச் செயலிகள்: சந்தா கட்டுவதா, இலவசப் புதிரா, குறுக்கெழுத்தா?

பணி ஓய்வு பெற்ற தந்தையின் கைப்பேசியில் எந்தச் செயலியை இறக்கிக் கொடுக்கலாம், ஏழாம் வகுப்பில் கணக்குக்குத் தடுமாறும் பிள்ளைக்கு மூளைப் பயிற்சிச் சந்தா கட்டலாமா, வேலைக்குப் போய்வரும் ரயிலில் சுடோகு போட்டால் நினைவாற்றல் உண்மையிலேயே கூடுமா என்று வாசகர்கள் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். மூன்றும் வெவ்வேறு தேவையிலிருந்து எழுந்த கேள்விகள். செயலிக் கடையோ மூவருக்கும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுகிறது. அதில் பல மாத ஆய்வில் சோதிக்கப்பட்ட பயிற்சியும் இருக்கிறது, வண்ணக் கட்டைகளை அடுக்கவைத்து இடையிடையே விளம்பரம் காட்டும் பொழுதுபோக்கும் இருக்கிறது. இரண்டின் மேலும் ஒரே மூளைப் படம்தான் ஒட்டப்பட்டிருக்கிறது.

எது மூளையை அதிகம் வளர்க்கும் என்ற கேள்வியோடு இந்தப் பட்டியலை அணுகுபவர் ஏமாற வாய்ப்பு அதிகம். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பார்த்தால், பெரும்பாலான செயலிகளிடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஒவ்வொன்றும் நம்மிடமிருந்து எவ்வளவு பணத்தையும் நேரத்தையும் கவனத்தையும் எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். இந்த ஒப்பீட்டை அந்த வழியில்தான் நடத்தப்போகிறேன்.

## எந்த அளவுகோல்களால் பார்ப்பது

முதல் அளவுகோல், விளையாட்டுக்கு வெளியே பயன் உண்டா என்பது. ஒரு விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினால் அந்த விளையாட்டில் தேர்ச்சி வரும். அதில் யாருக்கும் ஐயமில்லை. அந்தத் தேர்ச்சி கடைக் கணக்கை நினைவில் வைப்பதற்கோ, பாடத்தில் கவனம் நிலைப்பதற்கோ உதவுகிறதா என்பதே கேள்வி.

இரண்டாவது, மொத்தச் செலவு. முதல் மாதக் கட்டணத்தோடு, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஆண்டுச் சந்தாவையும் சேர்த்தே இதைக் கணக்கிட வேண்டும். மூன்றாவது, விளம்பரமும் அறிவிப்பும் நம் கவனத்தை எவ்வளவு சிதறடிக்கின்றன என்பது. கவனத்தை வளர்ப்பதற்கென்று எடுத்த செயலி நிமிடத்துக்கு ஒருமுறை கவனத்தைக் கலைக்குமானால் அதை எடுத்த நோக்கமே அடிபட்டுப் போகிறது. நான்காவது, மொழி. ஆங்கிலச் சொற்களை வேகமாகப் படித்துத் தெரிவு செய்யச் சொல்லும் விளையாட்டில், தமிழ்வழியில் படித்த பெரியவர் குறைந்த மதிப்பெண் வாங்கினால் அது அவருடைய நினைவாற்றலின் அளவாகாது. ஐந்தாவதாக, புதிருக்கு ஒரு முடிவு உண்டா, ஆடுபவரின் திறனுக்கு ஏற்ப அது கடினமாகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

## ஆய்வுகள் எதுவரை சொல்கின்றன

முதல் அளவுகோலில்தான் விளம்பரங்கள் மிகைப்படுத்துகின்றன என்பதால் இதற்கு மட்டும் சற்று அதிக இடம் ஒதுக்குகிறேன்.

பி.பி.சி.யின் அறிவியல் நிகழ்ச்சி ஒன்றோடு இணைந்து பிரிட்டன் ஆய்வாளர்கள் நடத்திய இணையவழி ஆய்வின் முடிவு 2010-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. 18 முதல் 60 வயது வரையிலான 11,430 பேர் அதில் ஆறு வாரங்கள் பயிற்சி செய்தார்கள். பயிற்சி செய்த விளையாட்டுகள் அனைத்திலும் அவர்களின் மதிப்பெண் ஏறியது. பயிற்சி செய்யாத சோதனைகளில், அவை நெருங்கிய வகையைச் சேர்ந்தவையாக இருந்தபோதும், குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. ஆறு வாரம் போதாது என்று வாதிட இடமுண்டு. ஆனால், அதன்பின் வெளியான ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2016-இல் உளவியலாளர் குழு ஒன்று எழுதிய விரிவான மதிப்பாய்வும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து நின்றது: பயின்ற பணியில் முன்னேற்றம் உறுதி, அதையொத்த பணியில் ஓரளவு, அன்றாட வாழ்க்கையில் மிகக் குறைவு.

அதே 2016-ஆம் ஆண்டு ஜனவரியில், 'லுமோசிட்டி' செயலியை நடத்தும் அமெரிக்க நிறுவனம், தன் விளையாட்டுகள் பள்ளியிலும் வேலையிலும் திறனைக் கூட்டும், முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில், அந்நாட்டு வணிக ஆணையத்துடன் 20 லட்சம் டாலர் செலுத்தும் உடன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் பல செயலிகளின் விளம்பர மொழி எச்சரிக்கையாக மாறியிருக்கிறது. 'மறதியைத் தடுக்கும்' என்பதற்குப் பதிலாக 'மனத்துக்குச் சவால்' என்று எழுதுகிறார்கள். வாங்குபவர்கள் மட்டும் இன்னும் பழைய பொருளிலேயே அதைப் படிக்கிறார்கள்.

இதற்கு மாறான சான்று ஒன்றும் உண்டு. அதை மறைத்துவிட்டு ஒப்பிடுவது நேர்மையாகாது. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரைக் கொண்டு நடந்த 'ஆக்டிவ்' ஆய்வில் மூன்று குழுக்களுக்கு முறையே நினைவு, பகுத்தறிதல், பார்வை வேகம் ஆகியவற்றில் பத்து அமர்வுகள் பயிற்சி தரப்பட்டது. நான்காம் குழுவுக்குப் பயிற்சி இல்லை. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வேகப் பயிற்சி பெற்றவர்களிடம் முதுமை மறதியின் அபாயம் 29 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2017-இல் வெளியான பகுப்பாய்வு கூறியது. மற்ற இரு பயிற்சிகளிலும் அத்தகைய உறுதியான வேறுபாடு இல்லை. அந்தப் பகுப்பாய்வில் மறதிநோயை மருத்துவர் நேரில் பார்த்து உறுதிசெய்யவில்லை என்பதும், சோதனை மதிப்பெண், பங்கேற்பாளரோ குடும்பத்தாரோ தந்த தகவல் போன்றவற்றிலிருந்து அது கணிக்கப்பட்டது என்பதும் நினைவில் இருக்க வேண்டியவை. இருந்தாலும், இந்தத் துறையில் இவ்வளவு நீண்ட காலம் பின்தொடர்ந்த சான்று அரிது. அந்தச் சான்று அந்த ஒரு வகைப் பயிற்சிக்கு மட்டுமே உரியது; 'மூளைப் பயிற்சி' என்ற பெயர் தாங்கிய எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது.

## சந்தா கட்டும் பொதுப் பயிற்சிச் செயலிகள்

லுமோசிட்டி, எலிவேட், பீக் ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. ஒவ்வொன்றிலும் ஓரிரு நிமிடச் சிறு விளையாட்டுகள் பல. நாளுக்குச் சிலவற்றைச் செயலியே தேர்ந்தெடுத்துத் தருகிறது. விளையாட்டு முடிந்ததும் நினைவு, கவனம், வேகம் என்று பிரித்து மதிப்பெண் வரைபடம் காட்டுகிறது. வடிவமைப்பு நேர்த்தியாக இருக்கிறது, ஆடுபவரின் திறனுக்கேற்பக் கடினம் கூடுகிறது, சந்தா கட்டியவருக்கு இடையில் விளம்பரத் தொல்லை இல்லை, அன்றைய பயிற்சி முடிந்தால் 'முடிந்தது' என்று சொல்லிவிடுகிறது. ஐந்தாவது அளவுகோலில் இவை நன்றாகவே தேறுகின்றன.

மறைந்திருக்கும் செலவு சந்தாவில்தான். ஏழு நாள் அல்லது பதினான்கு நாள் இலவசம் என்று தொடங்கும்போதே கட்டண வழியைப் பதிவு செய்யச் சொல்வது வழக்கம். அந்த நாள் கடந்தால் பெரும்பாலும் ஆண்டுத் தொகை முழுவதும் ஒரே தவணையில் பிடிக்கப்படும். செயலியை அழித்துவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று நம்புபவர்கள் நிறையப் பேர். அப்படி நிற்காது. கூகுள் பிளேயிலோ ஆப்பிள் கணக்கிலோ சந்தாக்கள் பகுதிக்குள் போய் அதைத் தனியே நீக்க வேண்டும். இந்தியாவில் இத்தகைய தொடர் கட்டணம் பிடிக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடுபவருக்கு விதியால் பயனில்லை.

இன்னொரு செலவு மொழி. எலிவேட் பெரும்பாலும் ஆங்கில வாசிப்பு, எழுத்து, சொல்வளம் ஆகியவற்றையே சுற்றி வருகிறது. வேலைக்காக ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்த விரும்பும் இளைஞருக்கு இது குறையே இல்லை. இந்தப் பட்டியலில் பணம் கொடுத்து வாங்குவதற்குத் தெளிவான காரணம் இருக்கும் சிலவற்றுள் இது ஒன்று என்றே சொல்வேன், ஏனென்றால் அங்கே பயின்ற திறனே நேரடியாகத் தேவைப்படும் திறன். தமிழ்வழியில் படித்த பெற்றோருக்கு அதே செயலி மனத்தளர்ச்சியைத்தான் தரும். வரைபடக் கோடு மேலே ஏறுவதைக் கண்டு மகிழ்பவர்களும், விளையாட்டு பழகியதால் ஏறிய கோடு அது என்பதை மறக்கக் கூடாது.

## வேகப் பயிற்சிக்கென்றே உள்ள செயலி

ஆக்டிவ் ஆய்வில் பயன்பட்ட பார்வை வேகப் பயிற்சியின் வழிவந்த வடிவம் 'பிரெய்ன்எச்கியூ' செயலியில் 'டபுள் டெசிஷன்' என்ற பெயரில் இருக்கிறது. திரையின் நடுவில் ஒரு வாகனம் நொடியின் சிறு பகுதிக்குத் தோன்றி மறையும். அதே கணத்தில் ஓரத்தில் ஒரு சாலைக் குறி தோன்றும். எந்த வாகனம், குறி எந்தப் பக்கம் என்ற இரண்டையும் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்லத் தோன்றும் நேரம் குறையும், சுற்றிலும் குழப்பும் உருவங்கள் கூடும்.

இது விளையாட்டுப் போல இனிக்காது. அலுப்பூட்டும் உடற்பயிற்சிக்கு நிகரானது. ஆய்வில் ஒவ்வோர் அமர்வும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது, சிலருக்கு ஓராண்டும் மூன்றாண்டும் கழித்துக் கூடுதல் அமர்வுகளும் நடந்தன. நாளுக்கு ஐந்து நிமிடம் தட்டிவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பதற்கு ஆதாரமில்லை. சிறிய கைப்பேசித் திரையில் ஓரப் பார்வைக்கு இடம் போதாது என்பதால் டேப்லெட்டோ கணினியோ பொருத்தம். முழுப் பயிற்சிக்குச் சந்தா வேண்டும். அறுபத்தைந்தைக் கடந்த, கண் பார்வை சரியாக உள்ள, சில வாரங்கள் ஒழுங்காக உட்கார மனமுள்ள ஒருவருக்கு மற்ற சந்தாக்களைவிட இதையே நான் முன்வைப்பேன். நாற்பது வயதுக்காரருக்கு இதைச் சொல்ல அந்த ஆய்வில் இடமில்லை.

## விளம்பரத்தோடு வரும் இலவசப் புதிர்கள்

சுடோகு, கட்டை அடுக்கு, எழுத்துகளை இணைத்துச் சொல் அமைப்பது, வண்ண நீர்க்குப்பிகளைப் பிரிப்பது என்று இந்த வகைக்கு எல்லையே இல்லை. அதிகம் பேர் வைத்திருப்பதும் இதைத்தான்.

சுடோகு நல்ல புதிர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 1979-இல் அமெரிக்கப் புதிர் இதழில் தோன்றி, ஜப்பானில் பெயர் பெற்று, 2004 இறுதியில் லண்டன் நாளிதழ் வழியாக உலகம் சுற்றிய அந்தக் கட்டத்துக்கு ஊகமே தேவையில்லை. முறையாக அமைத்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரே விடைதான். அதை நிறைவாகப் போட இருபது நிமிடம் கலையாத கவனம் வேண்டும். இலவசச் செயலி தராதது அதைத்தான். திரையின் அடியில் அசையும் விளம்பரம், கட்டம் முடிந்ததும் முழுத்திரை விளம்பரம், சிக்கிக்கொண்டால் 'குறிப்பு வேண்டுமா, முப்பது நொடி காணொளி பார்' என்ற பேரம். அந்தக் குறிப்பும் பல செயலிகளில் எந்தத் தருக்கத்தால் அந்த எண் வருகிறது என்று விளக்காது. எண்ணை நிரப்பிவிட்டுப் போய்விடும். ஆடுபவர் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அதுதான்.

வீட்டுப் பெரியவர்களுக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. விளம்பரத்தை மூடும் குறி மங்கலாகவும் சிறிதாகவும் இருக்கும், சில விளம்பரங்களில் போலி மூடும் குறியும் இருக்கும்; விரல் தவறினால் கடன் செயலியோ, கைப்பேசியில் 'வைரஸ்' இருக்கிறது என்று மிரட்டும் செயலியோ இறங்கிவிடக்கூடும். குழந்தைகளின் கையில் கொடுத்தால், செயலிக்குள் நாணயம் வாங்கும் பொத்தானும் சேர்ந்து வருகிறது. இலவசம் என்பதற்காக இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் குறைந்தபட்சம் இரண்டு காரியம் செய்யலாம். இணையம் தேவைப்படாத புதிராக எடுத்து, ஆடும்போது தரவு இணைப்பை அணைத்துவிடலாம். செயலிக் கடையில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடலாம். ஒரே தடவை சிறு தொகை கட்டினால் விளம்பரம் நீங்கும் என்ற வசதி இருந்தால், ஆண்டுச் சந்தாவைவிட அது பல மடங்கு மேல்.

## விளம்பரமும் கட்டணமும் இல்லாத புதிர்கள்

இப்படியும் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாதது எனக்கு வருத்தம் தருகிறது. சைமன் டேத்தம் என்ற பிரிட்டன் மென்பொருளாளர் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த தருக்கப் புதிர்த் தொகுப்பில் ஏறக்குறைய நாற்பது வகைகள் உள்ளன. சுடோகு, தீவுகளைப் பாலத்தால் இணைப்பது, ஒரே வளையமாகக் கோடு வரைவது, கண்ணிவெடி தேடுவது எல்லாம் அதில் அடக்கம். ஆண்ட்ராய்டில் இலவசம், இணையம் இல்லாமலே இயங்கும். கட்டத்தின் அளவையும் கடினத்தையும் நாமே வைத்துக்கொள்ளலாம். கண்ணிவெடிப் புதிர்கூட ஊகமின்றித் தருக்கத்தாலேயே முடிக்கும்படி அமைக்கப்படுகிறது. மதிப்பெண் இல்லை, 'இன்று ஆடவில்லையே' என்ற நச்சரிப்பு இல்லை. தோற்றம் மட்டும் மிக எளிமையானது. விதிகள் ஆங்கிலத்தில் உள்ளன, முதல் முறை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். சொல்லித்தந்துவிட்டால் மொழி குறுக்கே வராது.

சதுரங்கப் புதிர்களுக்கு லிசெஸ் செயலி உள்ளது. பிரான்சில் பதிவான, நன்கொடையால் நடக்கும் அமைப்பு இதை விளம்பரமின்றி வழங்குகிறது. உண்மையான ஆட்டங்களிலிருந்து எடுத்த பல லட்சம் புதிர்கள், ஆடுபவரின் தரத்துக்கேற்பக் கடினமாகின்றன. சதுரங்கம் ஆடினால் கணக்கு வரும் என்று பெற்றோர் நம்புவதுண்டு. இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளில் ஓராண்டு சதுரங்கம் கற்பித்துப் பார்த்த சோதனையின் முடிவு 2016-இல் வந்தபோது கணக்கு மதிப்பெண்ணில் முன்னேற்றம் தென்படவில்லை. கணக்குக்காக அல்லாமல் சதுரங்கத்துக்காகவே இதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குகேஷ் 2024-இல் 18 வயதிலேயே உலக வாகையரான பின்பு தமிழ்நாட்டில் ஒரு பிள்ளைக்கு எதிரில் அமர்ந்து ஆட ஆள் கிடைப்பது கடினமில்லை. திரையிலிருந்து பலகைக்கு நகரும் வழி இருப்பது மற்ற எந்தச் செயலிக்கும் வாய்க்காத நன்மை.

## தமிழ்க் குறுக்கெழுத்தும் சொல் விளையாட்டும்

இலேசான நினைவுக் குறைவு உள்ள 107 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கணினி வழிக் கவன, நினைவு விளையாட்டுகளும் மறு பிரிவுக்குக் குறுக்கெழுத்தும் கொடுத்து 78 வாரங்கள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு 2022-இல் வெளியானது. விளையாட்டுதான் வெல்லும் என்று எதிர்பார்த்த ஆய்வாளர்களுக்குக் குறுக்கெழுத்துப் பிரிவே சற்று நல்ல முடிவைக் காட்டியது. அவை நடுத்தரக் கடினம் கொண்ட ஆங்கிலக் குறுக்கெழுத்துகள். எதுவுமே செய்யாத மூன்றாம் பிரிவு அந்த ஆய்வில் இல்லை. எனவே இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால், 'பழைய காலத்துப் பொழுதுபோக்கு' என்று குறுக்கெழுத்தை ஒதுக்கிவிட்டுச் சந்தாச் செயலிக்குத் தாவ அவசரப்பட வேண்டாம் என்பதற்கு இது போதுமான காரணம்.

தமிழ்க் குறுக்கெழுத்தின் உழைப்பு வேறு விதமானது. உயிர்மெய்யும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடுவதால் சொற்கள் குறுகி நிற்கும். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் குறிப்புகள் வரும், சில விடைகள் எழுத்து கலைந்து கிடக்கும். திருப்பிப் படிப்பதும் கலைந்ததைச் சேர்ப்பதும் சொல் நினைவோடு கூடுதலாக ஒரு வேலையைச் சேர்க்கின்றன. ஐம்பது ஆண்டுகளாகத் தமிழ் நாளிதழ் படித்த ஒருவருக்கு இதைப்போல் இயல்பாகப் பொருந்தும் புதிர் வேறில்லை.

செயலி வடிவத்தில்தான் குறைகள். தமிழ்ச் சொல் விளையாட்டுச் செயலிகள் பலவும் விளம்பர வகையைச் சேர்ந்தவை. சிலவற்றின் சொற்பட்டியலில் லகர ளகர ழகரப் பிழைகள் தென்படுகின்றன. பள்ளிப் பிள்ளையின் கையில் கொடுக்குமுன் பெரியவர் ஒருவர் பத்துப் புதிராவது போட்டுப் பார்ப்பது அவசியம். நாளிதழிலும் வார இதழ்களிலும் வரும் அச்சுக் குறுக்கெழுத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

## ஒரே பார்வையில்

| தெரிவு | வெளிப் பயன் பற்றிய சான்று | பணம் | கவனக் கலைப்பு | மொழி |
|---|---|---|---|---|
| சந்தாப் பொதுப் பயிற்சி | குறைவு | ஆண்டுதோறும், தானே புதுப்பிக்கும் | குறைவு. அறிவிப்புகள் உண்டு | பெரும்பாலும் ஆங்கிலம் |
| வேகப் பயிற்சி | 65-க்கு மேற்பட்டோருக்கு ஓரளவு | சந்தா | குறைவு | ஆங்கில வழிகாட்டல். பயிற்சி படங்களால் |
| விளம்பர இலவசப் புதிர் | இல்லை எனலாம் | இலவசம். உள்கொள்முதல் உண்டு | மிக அதிகம் | எண், வண்ணம். மொழித் தடை குறைவு |
| விளம்பரமற்ற இலவசப் புதிர் | இல்லை எனலாம் | இல்லை | இல்லை | விதிகள் ஆங்கிலம். ஆட்டத்துக்கு மொழி வேண்டாம் |
| தமிழ்க் குறுக்கெழுத்து | ஆங்கிலப் புதிரில் ஒரு நல்ல அறிகுறி | இதழின் விலை, அல்லது இலவசம் | அச்சில் இல்லை, செயலியில் அதிகம் | தமிழ் |

## யாருக்கு எது

ரயில் பயணிக்கு என் பரிந்துரை விளம்பரமற்ற புதிர்தான். அலைபேசிக் கோபுரம் இல்லாத இடத்திலும் இயங்கும், இறங்கும் நிறுத்தம் வந்தால் பாதியில் விட்டு மாலையில் தொடரலாம். ஆங்கிலச் சொல்வளம்தான் தேவை என்றால் மட்டும் அதற்கான சந்தாவை, மாதக் கணக்கில் தொடங்கிப் பார்த்து எடுக்கலாம்.

கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு இந்த ஐந்தில் எதையும் மருந்தாகக் கொடுக்க வேண்டாம். பயின்றதுதான் வளர்கிறது என்று ஆய்வுகள் சொல்லும்போது, பின்னம் புரியாத பிள்ளைக்குப் பின்னக் கணக்கையே பொறுமையாகப் போட்டுப் பழக்குவதுதான் நேர்வழி. சந்தாவுக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு சதுரங்கப் பலகை வாங்கிக் கொடுத்தால் மகிழ்ச்சிக்காக ஆடட்டும்.

ஓய்வு பெற்ற பெற்றோர் ஏற்கெனவே நாளிதழ் படிப்பவராக இருந்தால் குறுக்கெழுத்தையும் சுடோகுவையும் அச்சிலேயே தொடரவிடுங்கள். கைப்பேசி வேண்டும் என்று அவரே விரும்பினால் விளம்பரமற்ற தொகுப்பை இறக்கி, இரண்டு மூன்று வகைகளை மட்டும் பெரிய கட்டமாக அமைத்துக் கொடுங்கள். சிரத்தையோடு பயிற்சி செய்யக் கூடியவர் என்றால் வேகப் பயிற்சிக்கு ஓரிரு மாதச் சந்தா கட்டலாம்.

மறதி அண்மையில் கூடியிருக்கிறது, பழகிய வழியில் தடுமாறுகிறார், ஒரே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்கிறார் என்ற கவலையால் செயலி தேடுபவர்கள் அந்தத் தேடலை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தைராய்டுக் குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் விளைவு ஆகியவையும் மறதியாகத் தோன்றும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முதுமை மறதியின் தவிர்க்கத்தக்க காரணிகள் என்று 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட 14-இல் கேள்திறன் குறைவு, கண்பார்வைக் குறைவு, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, உடலுழைப்பின்மை, தனிமை ஆகியவை இடம்பெறுகின்றன. ஆண்டுச் சந்தாவுக்கு ஒதுக்கிய தொகை அவருடைய காதுப் பரிசோதனைக்கும் கண் கண்ணாடிக்கும் முதலில் செலவாகட்டும்; புதிரை அதன்பின் தேர்ந்தெடுக்கலாம்.